புண்ணாற்றும் மருந்தும் பொது அறமும்

திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்தார். நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பனவே அவை. இந்நான்கிற்கும் அப்பால், இன்னும் நோயுறாத ஒருவருக்கும் மருத்துவத்தில் இடமுண்டா என்பது இன்றைய புண்சிகிச்சை எழுப்பும் அறவினாவாகும்.

நீரைப் பெருமளவில் உறிஞ்சியும் கரைந்துபோகாத பல்பகுதிய வலையே ஐதரோஜெல். 1960 இல் செக்கோசிலோவாக்கியாவைச் சேர்ந்த ஒற்றோ விக்ரர்லே, லிம் ஆகிய இருவரும் உடலோடு பொருந்தும் இத்தகைய ஜெல்லை அறிமுகஞ் செய்தனர். 1962 இல் ஜோர்ஜ் வின்ரர் என்பார், உலரவிட்ட புண்ணிலும் பார்க்க ஈரலிப்பாகப் பேணிய புண்ணிலேயே புதுத்தோல் விரைந்து படர்கின்றது என்பதைப் பன்றிகளில் நிகழ்த்திய ஆய்வினாற் காட்டினார். ஆயின் ஈரலிப்பு பற்றீரியாக்களுக்கும் உவப்பானதே. எனவே வெள்ளியின் நனோத் துணிக்கைகளை ஜெல்லினுள் பொதியும் முறை தோன்றிற்று. ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு கூறு நனோமீற்றர் எனப்படும். இத்துணிக்கைகள் பெரும்பாலும் 100 நனோமீற்றருக்கு உட்பட்டவை. அவற்றிலிருந்து மெல்லக் கசியும் வெள்ளி அயன்கள் பற்றீரியாவின் மென்சவ்வையும் புரதங்களையும் ஒருங்கே சிதைக்கின்றன.

பல முனைகளில் தாக்கும் இவ்வாயுதத்தை நுண்ணங்கி எதிர்க்கமாட்டாது என எண்ணுதல் இயல்பே. ஆனால் வெள்ளி நைத்திரேற்றுக்கு அடங்காத சல்மனெல்லா அமெரிக்க வைத்தியசாலையொன்றின் தீக்காயப் பிரிவிற் காணப்பட்டதை 1975 ஆம் ஆண்டு அறிக்கையொன்று தெரிவித்தது. அவ்வெதிர்ப்புக்குரிய பரம்பரையலகுகள் ஒரு பற்றீரியாவிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறத்தக்கவை என்பதும் பின்னர் தெளிவாயிற்று. குறைந்த அளவு மருந்துக்கு உட்படும் நுண்ணங்கி அதனை எதிர்க்கப் பழகிவிடும் எனப் பெனிசிலினைக் கண்டறிந்த பிளெமிங் 1945 இலேயே தமது நோபல் உரையில் எச்சரித்திருந்தார். மெல்லக் கசியும் மருந்தின் இருமுகத்தன்மை இங்கேதான் புலப்படுகின்றது. போதிய அளவிற் கசியும்வரை அது காவல். அளவு குன்றியபின்னும் புண்ணில் நீடித்தால், பகைக்கு அதுவே பயிற்சி. 2019 இல் மருந்துக்கு அடங்காத பற்றீரியாத் தொற்றுக்களே நேர்க்காரணமாக 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர்வரை இறந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது.

மருந்தின் ஆற்றல் குளத்து நீர் போன்றது. தன் வயலுக்கு வேண்டிய நீரைப் பெறுதல் ஒவ்வொருவர்க்கும் உரிமை. மதகைத் திறந்துவிட்டுப் போதல் எவர்க்கும் உரிமையன்று. தொற்றுக்கண்ட தீக்காயத்துக்கும் நீரிழிவுப் புண்ணுக்கும் மருந்தை முழு வலிமையோடு இடுதல் கடன். அங்கே அரைமனத்தோடு குறைத்திடுதல் இன்றைய நோயாளிக்கும் நாளைய நோயாளிக்கும் ஒருங்கே தீங்காகும். நாற்றம் போக்கவெனக் காலுறையிற் சேர்க்கப்பட்டுச் சலவை நீரோடு கழியும் வெள்ளியோ எவருடைய புண்ணையும் ஆற்றுவதில்லை. இவ்விரு நிலைகளிலும் அறத்தின் வழி ஐயமற்றது.

இடர்ப்பாடு இடைநிலையிலேயே எழுகின்றது. தொற்று உண்டோ இல்லையோ எனத் துணியமுடியாத புண்ணுக்கு மருந்திடாது காத்திருப்பது, நாளைய நோயாளியின் பொருட்டு இன்றைய நோயாளி ஏற்கும் ஆபத்தாகும். மறுநாளே மீண்டு வந்து புண்ணைக் காட்டக்கூடியவருக்கு அக்காத்திருப்பு சிறிது. நாட்கூலியை இழந்து, நெடுந்தூரம் நடந்து வந்த ஏழைக்கு அது காலையே இழக்கச் செய்யலாம். ஒரே சிக்கனம் இருவருக்கும் ஒரே விலையில் வருவதில்லை.

ஆகவே இன்னும் நோயுறாதவருக்கும் மருத்துவத்தில் இடமுண்டு. ஆனால் அவ்விடத்துக்கான விலையை நோயாளி ஒருவரே செலுத்தவேண்டுமென்பது நீதியன்று. வள்ளுவர் கூறிய நான்காம் கூறு இங்கேதான் பொருள்படுகின்றது. புண்ணை நாடோறும் பார்த்துக் கட்டவும், தொற்றின் முதற்குறியிலேயே வைத்தியரை அழைக்கவும் ஒரு தாதியைக் கிராமந்தோறும் அமர்த்தும் சமுதாயமே காத்திருக்குமாறு நோயாளியைக் கேட்கத் தகுதியுடையது. அத்துணையை வழங்காது சிக்கனத்தை மட்டும் போதிக்கும் சமுதாயம், நாளைய உலகைக் காப்பதாகக் கூறிக்கொண்டு இன்றைய ஏழையின் உடலைச் செலவிடுகின்றது.