மரியாதை யாருடையது?

குருமடத்தில் சேர்ந்த வருடமே ஊரில் என் பெயர் போய்விட்டது. அம்மாவைத் தவிர எல்லோருக்கும் நான் ‘பிரதர்’. கல்யாணப் பந்தியில் முதல் இலை எனக்கு. பேருந்தில் ஏறினால் அப்பா வயதுக்காரர் எழுந்து இடம் தருவார். எழுபதைத் தாண்டிய பாட்டி, “சாமி, எனக்காகச் செபிச்சுக்கோங்க” என்று கைகூப்புவாள். மீசைகூடச் சரியாக முளைக்காதவனுக்கு இதெல்லாம். எங்கள் ஊர் ஓரியூருக்குப் பக்கம். 1693இல், மறைபரப்ப வந்த குரு அருளானந்தர் தலை வெட்டுண்ட மண் அது. அந்தச் செம்மண்ணை இன்றும் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு, அங்கி போட்டவன் எவனும் அருளானந்தர் வழி வந்தவன்தான்.

இந்தச் சூழலில் வளர்கிற ஒருவனுக்கு, கடவுள் அழைத்தது எது, ஊர் கும்பிட்டது எது என்று பிரித்தறிய வழியே இல்லை. பிரிக்க வேண்டும் என்ற எண்ணமும் வராது. எனக்கு வந்தது, ஆயர் என்னை இறையியல் படிக்க ரோமுக்கு அனுப்பிய பிறகு.

மறைபரப்பு நாடுகளின் குருமாணவர்களுக்காகத் திருத்தந்தை எட்டாம் உர்பான் 1627இல் தொடங்கிய கல்லூரியில் சேர்ந்தேன். அது இப்போது ஜனிக்கோலோ குன்றின்மேல் இருக்கிறது. கொஞ்சம் நடந்தால் பேதுரு பேராலயத்தின் குவிமாடம் தெரியும். சாப்பாட்டு மேசையில் எனக்கு இடப்பக்கம் நைஜீரியா, வலப்பக்கம் வியட்நாம், எதிரே மியான்மர். முதலில் பாஸ்தா, பிறகு இறைச்சி, நடுவில் யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய்ப் பொடி. குளிரும் இத்தாலிய மொழியும் படுத்தின. அவை எல்லோரையும் படுத்துகிறவைதான், விட்டுவிடுகிறேன்.

படுத்தியது வேறு ஒன்று. இந்த நகரத்தில் என்னை யாரும் பார்ப்பதில்லை. தெருவெங்கும் சாமியார்கள், அவர்களில் ஒரு மாணவன் யாருக்கு வேண்டும்? சட்டை, கால்சட்டையில் வெளியே போனால் அதுவும் இல்லை. ஒருநாள் 64ஆம் எண் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த மூதாட்டி, பங்களாதேஷா என்று கேட்டார். இந்தியா என்றேன். படுத்த படுக்கையாக இருக்கும் தம் கணவரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவதாகவும், இரவு தங்க முடியுமா என்றும் கேட்டார். குருவாகப் படிக்கிறேன் என்று சொன்னேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் நிமிர்ந்தது உண்மை. அவர் தலையாட்டிவிட்டுச் சொன்னார்: “அப்படியா, இங்கே அந்த வேலைக்கும் ஆள் பற்றாக்குறைதான்.”

அவர் கேலி செய்யவில்லை. இத்தாலியில் எத்தனையோ பங்குகளை இன்று ஆப்பிரிக்க, இந்தியக் குருக்களே பார்த்துக்கொள்கிறார்கள். அவர் கண்ணில் படுவதை அவர் சொன்னார். ஆனால் அன்றிரவு சிற்றாலயத்தில் முழந்தாளிட்டபோது ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. கும்பிடுகிறவர்கள் யாரும் இல்லாத ஊரிலும் இந்த வாழ்க்கை எனக்கு வேண்டுமா?

வகுப்பில் அப்போது அக்குவினா தோமாவின் இறையியல் தொகுப்பு நடந்துகொண்டிருந்தது. மனிதனின் பேரின்பம் மரியாதையில் இருக்க முடியுமா என்று கேட்டு, முடியாது என்கிறார். மரியாதை பெறுகிறவனிடம் இருப்பதைவிடத் தருகிறவனிடம்தான் இருக்கிறது என்பது அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று. இது அரிஸ்டாட்டிலிடமிருந்து வந்த சிந்தனை. படித்தபோது நிம்மதியாக இருந்தது. பாட்டியின் கும்பிடு பாட்டியுடையது, என் கணக்கில் வராது.

நிம்மதி நீடிக்கவில்லை. அப்படியானால் அந்தக் கும்பிட்டை மறுத்துவிடலாமா? மறுப்பதிலும் ஒரு மிடுக்கு இருக்கிறதே! தோமாவே இன்னோரிடத்தில், தகுதியற்ற தலைவருக்கும் மரியாதை செய்யலாம், ஏனென்றால் அவர் கடவுளின் இடத்தில், மக்கள் சமூகத்தின் சார்பில் நிற்கிறார் என்கிறார். அதாவது பாட்டி கும்பிடுவது என்னை அல்ல. கடவுளையும், தானும் சேர்ந்த சபையையும். அதை வாங்கி உரிய இடத்தில் சேர்ப்பதுதான் என் வேலை. பதில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சமூகம் ஒன்றாக இருந்தால்தானே அது நிற்கும்?

அது ஒன்றாக இல்லாததன் தடம் ரோமிலேயே இருக்கிறது. இங்கே சான்ட் இஞ்ஞாசியோ கோயிலுக்குப் போகிறவர்கள், அந்திரேயா போட்சோ வரைந்த பொய்க் குவிமாடத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். நான் போவது திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியின் கல்லறையைப் பார்க்க. 1622இல் மறைபரப்புப் பேராயத்தை நிறுவியவர் அவர். நான் படிக்கும் கல்லூரி 2022வரை அந்தப் பேராயத்தின் கீழ் இருந்தது. மறு வருடம், மதுரையில் இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நோபிலி தொடங்கிவைத்த சர்ச்சைக்கும் அவரே தீர்ப்பு எழுதினார். மதம் மாறிய பிராமணர்கள் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். அவை சமூக வழக்கம், மூடவழிபாடு அல்ல என்பது வாதம். கிறிஸ்தவனாக ஒருவன் பறங்கியாக வேண்டியதில்லை என்ற அளவில் அது பெரிய மனதுள்ள தீர்ப்பு. அதே தீர்ப்போடு பிறப்பின் படிநிலையும் ஞானஸ்நானத் தொட்டிவரை வந்துவிட்டது என்பேன். 1640 முதல் மற்றச் சாதியாருக்கென்று, பண்டாரத் துறவியர் கோலத்தில் பண்டாரசாமிகள் என்னும் குருக்கள் தனியே வந்தார்கள். அருளானந்தரும் அந்தக் கோலத்தில் திரிந்தவர்தான். எங்கள் தெருவுக்கு வந்தவர்கள் பண்டாரசாமிகளே.

அதனால் எனக்கு ஊரில் கிடைத்த முதல் இலைக்கும் ஓர் எல்லை இருந்தது. கோடை விடுமுறையில் பக்கத்துப் பங்கு ஒன்றில் மறைக்கல்வி நடத்தப் போனேன். முதல் வாரம் வீட்டுக்கு வீடு சாப்பாட்டு அழைப்பு. நான் எந்தத் தெரு என்று தெரிந்த பிறகு சாப்பாடு கேரியரில் பங்கு இல்லத்துக்கு வந்தது. கும்பிடு குறையவில்லை, அழைப்பு நின்றது. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே சாதி பிரிக்கும் சுவர் வைத்திருக்கிற சபை நம்முடையது. கேரியர் சாப்பாடு இதில் சின்ன விஷயம்.

ரோமில் என் தெரு யாருக்கும் தெரியாது. இங்கு வந்து நான் கண்ட முதல் விடுதலை அதுதான். நைஜீரியத் தோழனுக்கு நான் வெறும் இந்தியன். தமிழ்த் திருப்பலி முடிந்து காப்பி குடிக்கும்போது மட்டும், எந்த மறைமாவட்டம், எந்தப் பங்கு என்று தொடங்கி, மெல்ல அந்த இடத்துக்கு வருவார்கள் நம்மவர்கள்.

யாரும் பார்க்காத நகரம் என் அழைத்தலைப் புடம்போட்டுவிட்டது என்று சொல்ல ஆசைதான். சனிக்கிழமைகளில் தெர்மினி ரயில் நிலையத்தை ஒட்டிய காரித்தாஸ் விடுதியில் தட்டுக் கழுவும்போது, இது போதும் என்று சில நேரம் தோன்றுகிறது. வேறு சில நேரம், இதை ஊரில் யாராவது பார்க்க மாட்டார்களா என்றும் தோன்றுகிறது. அன்று சிற்றாலயத்தில் வந்த கேள்விக்கு என்னிடம் இருக்கும் நேர்மையான பதில் இவ்வளவுதான்: வேண்டும், ஆனால் கும்பிடு இல்லாமல் வேண்டும் என்று இன்னும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

போதாததற்கு, வெளிநாட்டுப் படிப்பு எடுத்த மரியாதையை வட்டியோடு திருப்பித் தந்துவிடுகிறது. ‘ரோமில் படித்தவர்’ என்றால் ஊரில் தனி நாற்காலி. எனக்கு முன்னால் படித்துத் திரும்பியவர்களுக்கு வைத்த ஃபிளெக்ஸ் பலகைகளை வாட்ஸப்பில் பார்த்திருக்கிறேன். பின்னணியில் பேதுரு பேராலயம், முன்னால் கைகூப்பிய முகம்.

ஆகவே ஊராருக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன். நான் திரும்பி வரும்போது பலகை வைக்காதீர்கள். முன்வரிசை நாற்காலியை, முப்பது வருடமாக ஞாயிறுதோறும் மணியடித்துச் செபம் சொல்லித்தரும் உபதேசியாருக்குப் போடுங்கள். சாப்பாட்டைக் கேரியரில் அனுப்ப வேண்டாம். வீட்டுக்குக் கூப்பிடுங்கள், எங்கள் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.