சொல்லிசைக் கலைஞனின் கடன்

கிள்ளானுக்கு வடக்கே, கோலசிலாங்கூர் செல்லும் சாலையில் காப்பார் அமைந்துள்ளது. ரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் சூழ வளர்ந்த ஊர் அது. அவ்வூர் இளைஞன் ஒருவன், ராப் எனப்படும் சொல்லிசையையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விழைகிறான் என வைத்துக்கொள்ளலாம். அவனிடம் குரல் உண்டு. தமிழ்ப்பள்ளியில் பெற்ற சொல்வளமும் உண்டு. கோயில் திருவிழாவில் அவனுக்கு மேடை தந்தோர் சிலர். உறுமி முழக்கித் துணை நின்றோர் சிலர். நாளை அவன் புகழ் பெற்றபின், "என் உழைப்பால் மட்டுமே உயர்ந்தேன்" என்று கூறுவானாயின், அக்கூற்று அறமாகுமா?

இக்கலையின் பிறப்பே இதற்கு விடை தருகிறது. 1973 ஆகஸ்ட் 11ஆம் நாள், நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் ஓர் இசை விருந்து நடைபெற்றது. பள்ளி திறக்கும் காலத்திற்குப் புத்தாடை வாங்கப் பணம் திரட்டவே சிண்டி கேம்பல் என்னும் பெண் அதனை நடத்தினார். இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அவருடைய அண்ணன் கூல் ஹெர்க். ஹிப்-ஹாப் அவ்விரவில் பிறந்தது என்பர். அண்ணனின் திறமைக்குத் தங்கையின் முயற்சியும், பொதுக்கூடமும், சிறு கட்டணம் செலுத்திய அண்டை வீட்டாரும் துணையாயினர். இத்தகைய துணைகளின் தொகுதியே சமூக வளம்.

அவ்வளம் எல்லார்க்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. அதே 1973இல் அமெரிக்கச் சமூகவியலறிஞர் மார்க் கிரானோவெட்டர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். வேலை பற்றிய செய்தி நெருங்கிய நண்பரைவிட, எப்போதோ சந்திக்கும் அறிமுகத்தார் வழியாகவே பெரிதும் கிட்டுகிறது என்று அவர் காட்டினார். உற்றார் அறிந்ததை நாமும் முன்பே அறிந்திருப்போம். புதுச்செய்தி வெளியிலிருந்தே வரவேண்டும். காப்பார் இளைஞனுக்கு முதல் மேடையை உறவினர் தரலாம். கோலாலம்பூரின் ஒலிப்பதிவுக்கூடத்தையோ வானொலி நிலையத்தையோ காட்ட, அவ்வுலகை அறிந்த ஒருவர் வேண்டும். தோட்டம் கைம்மாறி, லயத்துக் குடும்பங்கள் திசைக்கொன்றாய்ப் பிரிந்த இடங்களில் உறவின் துணையும் குறைந்துவிடுகிறது. ஆகவே, திறமை இருந்தால் வழி தானே பிறக்கும் என்பது பாதி உண்மையே.

மலேசியத் தமிழ்ச் சொல்லிசை வரலாற்றில் யோகி பி. நினைக்கத்தக்கவர். 'போயட்டிக் அம்மோ' குழுவில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடிப் பெயர் பெற்ற அவர், 2006இல் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்னும் இளையோருடன் 'நட்சத்திரா' என இணைந்து 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டார். அதில் இடம்பெற்ற 'மடை திறந்து', 1980இல் வந்த 'நிழல்கள்' படத்திற்கு இளையராஜா அமைத்த பாடலைத் தழுவியது. முன்னோர் இசை ஒருபுறமும் இளையோர் குரல் மறுபுறமும் சேர்ந்தே அவ்வெற்றியை உருவாக்கின. 2007இல் 'பொல்லாதவன்' படத்திலும் அவர் குரல் ஒலித்தது.

அவ்வாறாயின் தனிமனித உழைப்புக்கு மதிப்பில்லையா எனச் சிலர் வினவலாம். மதிப்பு உண்டு. இரவெல்லாம் வரிகளைச் செதுக்கியவன் அவனே. அவனுக்காகப் பிறர் அதைச் செய்ய இயலாது. ஆயினும் அவ்வுழைப்புப் பயன் தந்த களம் அவன் ஆக்கியதன்று.

வள்ளுவர் செய்ந்நன்றியறிதலை ஓர் அதிகாரத்திலும் ஒப்புரவறிதலை வேறோர் அதிகாரத்திலும் வைத்தார். உதவியவரை மறவாமை நன்றி. உதவாதவர்க்கும் உலகநடை அறிந்து உதவுதல் ஒப்புரவு. உயர்ந்த கலைஞன் தன் உற்றார்க்கு மட்டும் கைகொடுத்தால் நன்றிக்கடன் தீரும். ஆனால் வாய்ப்பு அதே வட்டத்திற்குள் நின்றுவிடும். முன்பின் அறியாத ஓர் இளைஞனை ஒலிப்பதிவாளரிடம் அறிமுகம் செய்தலும், ஒப்பந்தத்தைப் படித்துக் கையொப்பமிடக் கற்பித்தலும் பெரும்பொருள் கேட்பன அல்ல. தமக்கு அறிமுகமாக வந்தவரைப்போல், தாமும் இன்னொருவர்க்கு அறிமுகமாதலே கலைஞரின் கடன். பள்ளி மண்டபத்தை மாலையில் திறந்துவிடும் ஆசிரியரும் அக்கடனில் பங்கு கொள்கிறார்.