போட்ட கேஸ் எங்கே போச்சு?

சித்திரை பிறந்தால் எங்கள் வீட்டுக் காருக்கு இரண்டு சடங்குகள். என் மனைவி முன்பக்கம் புது எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டுவாள். நான் ஏசிக்குக் கேஸ் போட்டு வருவேன். முதல் சடங்கைப் பல வருஷமாகக் கிண்டல் செய்கிறேன். இரண்டாவதற்கு ரசீது வாங்கிப் பத்திரப்படுத்தினேன்.

மூன்றாவது வருஷம், திருச்சிக்குக் கல்யாணத்துக்குப் போகிற வழியில், விழுப்புரம் தாண்டியதும் ஏசியிலிருந்து அடுப்பங்கரைக் காற்று வந்தது. “ஊருக்குப் போனதும் கேஸ் போட்டுடலாம்” என்றேன்.

“போன சித்திரையிலும் போட்டீங்க, முந்தின சித்திரையிலும் போட்டீங்க. போட்ட கேஸ் எங்கேங்க போச்சு?”

பகுத்தறிவு பேசும் கூட்டங்களில் எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறேன். இதைக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டவள் எலுமிச்சம்பழம் கட்டுகிறவள்.

ஏசி கேஸ் பெட்ரோல் அல்ல, எரிந்து தீர்வதற்கு. கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடாக்குகிறது. முன்னால் இருக்கும் கண்டென்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. ஒரு குறுகிய வாய் வழியாகப் பீறிட்டு, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஆவியாகும்போது நம் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. திரும்பக் கம்ப்ரஸருக்கே வருகிறது. அதே கேஸ், அதே சுற்று. ரப்பர் குழாய்கள் வழியே வருஷங்களில் கொஞ்சம் கசியும், உண்மைதான். வருஷா வருஷம் காலியானால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

ஆனால் பட்டறைக்குப் போனால் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே வருகிறது தீர்ப்பு: “கேஸ் கம்மியாயிருக்கும் சார்.” ஜோசியர் சொல்லும் ‘கிரகம் சரியில்லை’க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் எந்த வியாதிக்கும் பொருந்தும். பரிகாரம் செய்ததும் சில வாரம் நன்றாக இருக்கும், மறுபடி வரும், மறுபடி தட்சிணை.

சூடான காற்றுக்குக் காரணம் கேஸ் மட்டுமா? ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் சூடானால் கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா, அதன் இடுக்குகளில் மண் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளிர்ச்சி இருந்தும் காற்று வரவில்லை என்றால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். என்னுடையதில் அரசிலைச் சருகு இருந்தது. ஏசி போட்டதும் கம்ப்ரஸர் கிளட்ச் ‘டக்’கென்று பிடிக்கிறதா? ஏசியின் தடித்த குழாய் ஜில்லென்று வேர்த்திருக்கிறதா? அது வேர்த்தும் உள்ளே சூடு என்றால், சூட்டையும் குளிரையும் கலக்கும் கதவு சிக்கியிருக்கலாம். இவ்வளவுக்கும் ஒரு காதும் ஒரு கையும் போதும்.

மீட்டரை மாட்டி முள்ளைக் காட்டினாலும் ஏமாறாதீர்கள். ஏசி ஓடாதபோது, உள்ளே பாதி இருந்தாலும் முழுசாக இருந்தாலும் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கும். திரவம் கொஞ்சம் மிச்சமிருக்கும்வரை அங்கே அழுத்தத்தை முடிவுசெய்வது அன்றைய வெயில். அதனால்தான் எத்தனை கிராம் என்று பானெட் அடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் வண்டிக்கு 450. இரண்டு தடவையும் யாரும் தராசு எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தக் கேஸ் போன இடத்துக்கு வருவோம். ஓசோனைத் தின்ற பழைய கேஸை 1987 மாண்ட்ரீல் ஒப்பந்தம் ஓரங்கட்டியது. அதற்குப் பதில் வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் நூறு வருஷக் கணக்கில், எடைக்கு எடை, கார்பன் டை ஆக்ஸைடைப் போல் சுமார் 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கும். 450 கிராம் முழுதும் வெளியேறினால் கிட்டத்தட்ட 640 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். ஏறக்குறைய 280 லிட்டர் பெட்ரோலை எரித்த கணக்கு. இந்த வகைக் கேஸ்களைக் குறைக்க 2016-இல் கிகாலியில் உலக நாடுகள் கூடி முடிவெடுத்தன. இந்தியாவும் 2021-இல் ஏற்றுக்கொண்டது. நான் சித்திரை தோறும் ஓட்டை வண்டியில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

எலுமிச்சம்பழம் காய்ந்து விழுந்தால் யாருக்கு நஷ்டம்? என் சடங்கின் சூடு, ஏசியே இல்லாமல் தார் ரோட்டில் நிற்கிறவன் தலையில் இறங்குகிறது. எந்த மூடநம்பிக்கை கொடியது, சொல்லுங்கள்.

மெக்கானிக்கைத் திட்டி ஒதுங்கவும் முடியாது. இந்தமுறை வேறொரு பட்டறைக்குப் போய், “கசிவு பார்த்துட்டு அப்புறம் போடுங்க” என்றேன். அந்த இளைஞர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ரெண்டு மணி நேரம் ஆகும் சார், பரவாயில்லையா?” மிச்சக் கேஸை மெஷினில் இழுத்துக்கொண்டு, நைட்ரஜன் ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவினார். கண்டென்சர் குழாய் இணைப்பில், எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்த இடத்தில், கடுகளவு நுரை மெதுவாகப் பூத்தது. கழற்றியதும் என் உள்ளங்கையில் வைத்தார்: வெடித்துப்போன ஒரு ஓ-ரிங், சுண்டுவிரலில்கூட நுழையாது. புதிது போட்டு, அரை மணி நேரம் வேக்குவம் இழுத்து, தராசில் வைத்து 450 கிராம் ஏற்றினார்.

பணம் எண்ணிக்கொண்டிருக்கும்போது இன்னொரு கார் வந்து நின்றது. முன்னால் பழமும் இல்லை, மிளகாயும் இல்லை. கண்ணாடியை இறக்கியவர், “கேஸ் மட்டும் போடுங்க தம்பி, கசிவெல்லாம் பார்க்க நேரமில்லை” என்றார்.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் போய் அந்த ஓ-ரிங்கைக் காட்டினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.