கடவுள் பேசாத பக்கங்கள்

திருவொற்றியூரை விட்டுப் போகமாட்டேன் என்று சங்கிலியாருக்குச் செய்துகொடுத்த சத்தியத்தை மீறி, ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண் பார்வை போய்விடுகிறது. வழியெல்லாம் அவர் சிவனோடு சண்டை போட்டுக்கொண்டே போகிறார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைக்கிறது. காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் திரும்ப வருகின்றன. அடியார் கோபிக்கிறார், ஆண்டவன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருகிறான். பெரியபுராணத்தில் கேட்டவருக்கு எப்படியும் பதில் வந்துவிடும்.

நாவலில் வருவதில்லை. மண்டியிட்டுக் கேட்பவனை அங்கே யாரும் தேற்றுவதில்லை. குழந்தை வலியில் துடிக்கும்போதும் பிணம் எடுக்க ஆளில்லாமல் நாறும்போதும் வானம் சும்மா இருக்கிறது. ஆன்மிகமாக எதைப் படிக்கலாம் என்று கேட்பவர்களிடம் உரைநூல்களையும் மகான்களின் வரலாறுகளையும் எடுத்துக் கொடுப்போர் உண்டு. நாவல் கொடுப்பவர்கள் அரிது. கொடுக்க வேண்டும். கடவுளின் மௌனத்தை அதற்குரிய கனத்தோடு எழுதிய நாவல்கள் சில இருக்கின்றன. நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்கக்கூடியவை அவை.

முதலில் சொல்ல வேண்டியது ஜப்பானிய எழுத்தாளர் ஷுசாகு எண்டோ 1966இல் எழுதிய 'மௌனம்'. அந்தக் கதையின் வேர் ஒன்று நம் கடற்கரையிலும் இருக்கிறது. 1542இல் இந்தியா வந்து முத்துக்குளித்துறைப் பரதவர் ஊர்களில் அலைந்து திரிந்த பிரான்சிஸ் சவேரியார்தான் 1549இல் ககோஷிமாவில் கரையிறங்கி ஜப்பானில் கிறிஸ்தவத்தைத் தொடங்கிவைத்தார். 1614இல் அங்கே அந்த மதம் தடை செய்யப்பட்டது. பாதிரிமார்கள் விரட்டப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். கிறிஸ்டோவா ஃபெரேரா என்ற மூத்த போர்ச்சுகீசிய ஜேசுயிட் பாதிரியார் 1633இல் சித்திரவதையில் மதத்தைக் கைவிட்டார். இது வரலாறு. அந்தச் செய்தியை நம்ப முடியாமல் அவருடைய மாணவர் ரொட்ரீகஸ் ஜப்பானுக்குள் ஒளிந்து நுழைவதாக நாவல் தொடங்குகிறது.

அந்தக் காலத்து அதிகாரிகள் கண்டுபிடித்த சோதனை எளிமையானது. கிறிஸ்துவின் அல்லது மாதாவின் உருவம் பொறித்த தகடு ஒன்றை மரப்பலகையில் பதித்துத் தரையில் வைப்பார்கள். ஜப்பானியர்கள் அதை 'ஃபுமியே' என்றார்கள். அதன் மேல் கால் வைத்தால் வீட்டுக்குப் போகலாம், மறுத்தால் சாவு. நாகசாகியில் எண்டோ அப்படியொரு பலகையைப் பார்த்தார். உருவத்தைச் சுற்றியிருந்த மரத்தில் கறுப்பாகக் கால்விரல் தடங்கள் படிந்திருந்தன. மிதித்தவர்கள் யார், மிதித்தபோது என்ன நினைத்தார்கள் என்ற கேள்வி அவரை விடவில்லை. வரலாறு தியாகிகளின் பெயரைக் குறித்துவைக்கிறது, கால் வைத்தவர்களின் பெயரைக் குறித்துவைப்பதில்லை. எண்டோ கால் வைத்தவர்களின் பக்கம் போய் நின்றார்.

சிறுவயதில் தாயின் வழியே ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர் அவர். நாவலுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் காசநோயால் நெடுநாள் மருத்துவமனையில் கிடந்து, நுரையீரலில் பல அறுவைச் சிகிச்சைகளைத் தாங்கியவர். மௌனத்தைப் பற்றி எழுத அவருக்கு உரிமை இருந்தது.

நாவலில் மறக்க முடியாத இடம் சிறைக்கூடம். இருட்டறையில் அடைபட்டிருக்கும் ரொட்ரீகஸுக்கு எங்கிருந்தோ குறட்டைச் சத்தம் கேட்கிறது. தன் உயிர் ஊசலாடும் இரவில் காவலாளி ஒருவன் நிம்மதியாகத் தூங்குகிறான் என்று நினைத்து அவர் சிரிக்கவும் செய்கிறார். அது குறட்டை இல்லை என்று ஃபெரேரா வந்து சொல்கிறார். குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட விவசாயிகளின் முனகல் அது. ரத்தம் தலையில் ஏறிச் சீக்கிரம் செத்துவிடாதபடி காதுக்குப் பின்னால் சிறு கீறல் போட்டிருக்கிறார்கள். அந்த விவசாயிகள் ஏற்கெனவே மதத்தை மறுதலித்துவிட்டார்கள். ஆனாலும் பாதிரியார் மிதித்தால்தான் அவர்களை மேலே தூக்குவார்கள். இத்தனை நாளும் தன் தியாகத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த மனிதனிடம், உன் தியாகத்துக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று நாவல் கேட்கிறது. ரொட்ரீகஸ் கால் வைக்கிறார். அந்தக் கணத்தில் கிறிஸ்துவின் குரல் அவருக்குக் கேட்கிறது. உண்மையில் கேட்டதா, மனம் உண்டாக்கிக்கொண்டதா என்று எண்டோ தீர்ப்பு எழுதவில்லை.

ஜப்பானியக் கத்தோலிக்கர்கள் பலர் இந்த நாவலைக் கடுமையாக எதிர்த்தார்கள். உயிரைக் கொடுத்த முன்னோர்களை இது சிறுமைப்படுத்துகிறது என்று அவர்கள் வருந்தியதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கிச்சிஜிரோ என்ற பாத்திரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். பயந்து பயந்து காட்டிக்கொடுக்கிறான், அழுதுகொண்டே திரும்பிவந்து பாவமன்னிப்புக் கேட்கிறான், மறுபடி காட்டிக்கொடுக்கிறான். கொடுமை இல்லாத காலத்தில் பிறந்திருந்தால் தானும் நல்ல கிறிஸ்தவனாகவே வாழ்ந்து செத்திருப்பேன் என்பது அவன் வாதம். திடமானவர்களுக்கு மட்டும்தான் மதமா என்ற கேள்விக்கு எந்த மதத்தவரும் பதில் சொல்லியாக வேண்டும்.

'மௌனம்' வருவதற்கு ஓராண்டு முன், 1965இல், கடவுளின் மௌனம் பற்றிய அதே கேள்வி இந்தியாவிலிருந்து வேறு உடையில் வந்தது. யு.ஆர். அனந்தமூர்த்தியின் கன்னட நாவல் 'சம்ஸ்காரா'. இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தபோது இங்மர் பெர்க்மனின் 'ஏழாவது முத்திரை' படம் பார்த்த தூண்டுதலில் எழுதியது. கொள்ளைநோய்க் காலத்தில் கடவுளின் மௌனத்தோடு மல்லுக்கட்டும் வீரனின் கதை அந்தப் படம். அனந்தமூர்த்தியோ கொள்ளைநோயை மலைநாட்டு அக்கிரகாரம் ஒன்றுக்குள் கொண்டுவந்தார்.

துர்வாசபுரத்தில் நாரணப்பா செத்துக் கிடக்கிறான். கறி தின்றவன், குடித்தவன், தாழ்ந்த சாதிப் பெண்ணான சந்திரியோடு குடித்தனம் நடத்தியவன். அவனுக்கு யார் கொள்ளி வைப்பது? பிணம் கிடக்கும்வரை ஊரில் யாரும் சாப்பிடவும் முடியாது. சாஸ்திரம் கரைத்துக் குடித்த பிராணேசாச்சாரியார் ஏடுகளைப் புரட்டுகிறார், விடை இல்லை. மாருதி கோயிலுக்குப் போய்ப் பூ கேட்கிறார். வலப்பக்கப் பூ விழுந்தால் ஒரு பதில், இடப்பக்கம் விழுந்தால் இன்னொரு பதில். பொழுது சாய்கிறது. எந்தப் பூவும் விழவில்லை. பூ கேட்டு நின்ற அனுபவம் தமிழ் வாசகருக்கும் அந்நியமில்லை என்பதால் இந்தக் காட்சி நெஞ்சில் நேராக இறங்கும்.

அந்த இரவு சந்திரி என்ன செய்கிறாள் என்பதுதான் நாவலின் உயிர். பிணத்தின் நாற்றம் பொறுக்காமல், முஸ்லிம் மீன் வியாபாரி ஒருவரின் உதவியோடு உடலைக் கொண்டுபோய் எரித்துவிடுகிறாள். அது தெரியாத அந்தணர்கள், தீர்ப்புக் கேட்டு ஊர் ஊராகவும் மடம் வரைக்கும் நடக்கிறார்கள். ஏட்டிலும் சன்னதியிலும் தேடிய விடையைச் சந்திரி விறகு அடுக்கிக் கொடுத்துவிட்டாள்.

மூன்றாவது, ஆல்பெர் காம்யு 1947இல் வெளியிட்ட 'கொள்ளைநோய்'. ஓரான் நகரத்துப் பாதிரியார் பானலூ, நோய் பாவத்துக்கான தண்டனை என்று முதலில் பிரசங்கம் செய்கிறார். பிறகு, நீதிபதியின் சின்ன மகன் சாவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறார். புதிய சீரம் ஒன்று போட்டிருக்கிறார்கள். அதனால் பையன் பிழைக்கவில்லை, அவன் வேதனைதான் நீள்கிறது. குழந்தைகள் வதைபடும் ஓர் ஏற்பாட்டைத் தன்னால் நேசிக்க முடியாது என்கிறார் டாக்டர் ரியூ. ஆனாலும் இருவரும் ஒரே நோயாளிகளுக்காகத்தான் பாடுபடுகிறார்கள். பானலூவின் இரண்டாம் பிரசங்கத்தில் பழைய உறுதி இல்லை. சபையோரைக் குற்றம் சாட்டிய மனிதர் இப்போது அவர்களோடு சேர்ந்து நிற்கிறார்.

இந்த வாதத்துக்கெல்லாம் மூத்தது 1880இல் எழுதி முடிக்கப்பட்ட தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமாசவ் சகோதரர்கள்'. மூன்று வயதுகூட நிறையாத தன் மகன் அல்யோஷாவை 1878இல் வலிப்பு நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். நாவலின் கனிவான நாயகனுக்கு அந்தப் பெயரையே வைத்தார். ஒரு குழந்தையின் கண்ணீருக்கு ஈடாக எந்தச் சொர்க்கமும் தனக்கு வேண்டாம் என்று நாயகனின் அண்ணன் இவான் சொல்லும் வாதத்தைத் தஸ்தயேவ்ஸ்கி அளவுக்கு வலுவாக நாத்திகர்களே எழுதியதில்லை. அதை எழுதியவர் விசுவாசி! தன் நம்பிக்கைக்கு எதிரான வழக்கை முழு பலத்தோடு நடத்திப் பார்க்கும் துணிச்சல் அது. அல்யோஷா எதிர்வாதம் செய்வதில்லை. பள்ளிச் சிறுவர்களோடு பழகுகிறான், அவர்களில் நோயில் கிடக்கும் இல்யூஷாவின் வீட்டுக்குப் போய்வருகிறான்.

நான்கு நாவல்களிலும் ஒன்று பொதுவாக நடக்கிறது. கடவுள் பேசுவாரா என்ற கேள்வி தீர்வதற்குள், சுவருக்கு அந்தப் பக்கம் முனகுகிறவனுக்கு என்ன செய்யப்போகிறாய் என்ற கேள்வி வந்துவிடுகிறது. மௌனம் கடவுள் இல்லை என்பதற்குச் சாட்சியாகவும் நிற்கவில்லை, இருக்கிறார் என்பதற்குச் சாட்சியாகவும் நிற்கவில்லை. மனிதன் செயலில் இறங்க வேண்டிய இடமாக நிற்கிறது. தத்துவ நூலும் இதைச் சொல்லலாம். ஆனால் நாவலில் அந்தச் செயலுக்கான விலையை ஒரு பாத்திரம் தன் உடம்பால் கொடுக்கிறது. படிப்பவர் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

எண்டோவே பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். 1993இல் வெளியான 'ஆழ்நதி'யின் களம் காசி. திருச்சபையோடு ஒட்டமுடியாத ஒட்சு என்ற ஜப்பானியக் கிறிஸ்தவன், சாகக் கிடக்கும் ஏழைகளைத் தோளில் சுமந்து கங்கைக் கரைக்குக் கொண்டுபோகிறான். 'மௌனம்' பிடித்தவர்கள் இதையும் விடக்கூடாது.

எங்கே தொடங்குவது? 'சம்ஸ்காரா' சின்னப் புத்தகம், இரண்டு மாலைகளில் முடிந்துவிடும்; அதிலிருந்து தொடங்குங்கள். அடுத்து 'மௌனம்', அதன் பிறகு காம்யு. 'கரமாசவ்' பெரிய நாவல். நீண்ட விடுமுறை கிடைக்கும்போது எடுத்துக்கொள்ளலாம். முடிந்தால் தனியாகப் படிக்காதீர்கள். கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ தவறாமல் போகும் ஒருவரையும், எங்கும் போகாத ஒருவரையும் சேர்த்துக்கொண்டு படியுங்கள்.