ரயில் இல்லாத அமெரிக்கா: ஒரு கணக்கு

அமெரிக்காவை வளர்த்தது ரயில்தான் என்பது நெடுங்காலம் யாரும் கேள்வி கேட்காத பாடம். 1869இல் தண்டவாளம் நாட்டின் கிழக்கையும் மேற்கையும் இணைத்தது. சிகாகோ பெரும் தானியச் சந்தையானது. நாடு செழித்தது. ஆனால், அடுத்தடுத்து நடந்தவை எல்லாம் ஒன்றால் ஒன்று விளைந்தவை ஆகிவிடுமா? ரயிலே வந்திராவிட்டால் எவ்வளவு குறைந்திருக்கும் என்று கேட்டு, விடையை டாலரில் தேடினார் அமெரிக்கப் பொருளியல் வரலாற்றாளர் ராபர்ட் ஃபோகல். அந்தக் கணக்கை அவர் நூலாக வெளியிட்ட ஆண்டு 1964.

அவர் எடுத்த கருவி, பொருளியல் மாணவர்கள் முதல் பாடத்திலேயே படிக்கும் வாய்ப்புச் செலவு. ஒன்றின் மதிப்பை அறிய, அது இல்லாதபோது எதை நாடுவோம், அதற்கு எவ்வளவு கூடுதலாகச் செலவழிப்போம் என்று பார்க்க வேண்டும். ரயில் இல்லையென்றால் சரக்கு வீட்டிலேயே கிடந்துவிடாது, படகில் போகும். பேரேரிகள் இருந்தன, மிசிசிப்பி ஆறு இருந்தது, ஈரி கால்வாய் 1825இலேயே திறந்தாகிவிட்டது. படகுவழிச் செலவில் ரயில் செலவைக் கழித்தால் வருவதே ‘சமூகச் சேமிப்பு’.

1890ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டார். மத்திய மேற்கிலிருந்து வெளியே போன கோதுமை, மக்காச்சோளம், மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி ஆகிய நான்கும் சரக்கு. வெறும் கட்டணத்தை ஒப்பிட்டால் படகுதான் மலிவு: ரயிலின் சேமிப்பு பூஜ்யத்துக்குக் கீழே 3.8 கோடி டாலர்! ஆனால் கட்டணச் சீட்டில் வராத செலவுகள் உண்டே. வழியில் சேதமாகும் சரக்கு 60 லட்சம். கூடுதலாக ஏற்றி இறக்குவது 1.6 கோடி. படகுத்துறைவரை குதிரை வண்டி 2.3 கோடி. கட்டணத்தில் சேராத நீர்வழி முதலீட்டுக்கு 1.8 கோடி. எல்லாவற்றிலும் பெரியது காலம். படகு மெதுவாகப் போகும். குளிரில் கால்வாய் உறைந்துவிடும். அந்த மாதங்களுக்கான தானியத்தை முன்கூட்டியே வாங்கிக் கிடங்கில் அடுக்கினால் பணம் முடங்கும். அதற்கு 4.8 கோடி. ஐந்தும் சேர்ந்து 11.1 கோடி. முதலில் வந்த 3.8 கோடியைக் கழித்தால் மிச்சம் 7.3 கோடி. அன்றைய தேசிய உற்பத்தி சுமார் 1,200 கோடி டாலர்; அதில் இது 0.6 சதவீதம்தான். உள்ளூர்ப் போக்குவரத்தைச் சேர்த்தும், வேளாண் பொருள்களில் கிடைத்த சேமிப்பு 3 சதவீதத்தைத் தாண்டவில்லை.

எதிர்ப்பு கிளம்பியது. நாட்டின் சரக்கெல்லாம் கால்வாயில் திரண்டால் படகுக் கட்டணம் பழைய விலையிலேயே நிற்குமா என்று கேட்டார்கள். பயணிகள் எங்கே, ரயில் வளர்த்த தொழில்கள் எங்கே என்றார்கள். 2016இல் பொருளியலாளர்கள் டேவ் டொனால்ட்சனும் ரிச்சர்ட் ஹார்ன்பெக்கும் வேறு வழியில் போனார்கள். ஒவ்வொரு மாவட்டமும் எத்தனை சந்தைகளை எவ்வளவு செலவில் எட்ட முடிந்தது என்று அளந்தார்கள். ரயிலை எடுத்துவிட்டால் விளைநிலங்களின் மதிப்பு 60 சதவீதம் சரிந்திருக்கும் என்றது அவர்கள் கணக்கு. ஆண்டு இழப்பாகப் பார்த்தால் அது தேசிய உற்பத்தியில் சுமார் 3.2 சதவீதம். ஃபோகலின் எண்ணைவிடக் கூடுதல். ஆனால் ரயிலே எல்லாம் என்ற பழைய பாடத்துக்கு அதுவும் சாட்சி சொல்லவில்லை.

கோட்பாடு வரலாற்றுக்குத் தீர்ப்பு எழுதிவிடுவதில்லை. எந்த வரியில் சண்டை போட வேண்டும் என்று காட்டித் தருகிறது. ஃபோகலை மறுத்தவர்களும் அவர் விரித்த பேரேட்டில்தான் எழுதினார்கள். 1993இல் இன்னொரு பொருளியல் வரலாற்றாளரான டக்ளஸ் நார்த்துடன் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. இனி எந்த வரலாற்று நூலிலாவது ‘இதனால்தான் நாடு வளர்ந்தது’ என்று படித்தால், ‘இது இல்லையென்றால் என்ன செய்திருப்பார்கள்?’ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.