தராசின் இரு தட்டு

 

தராசு பிடித்துப் பிழைக்கும் நாம், கருக்கலைப்பு விஷயத்தில் மட்டும் ஒரு தட்டையே பார்க்கிறோம்.

1985-இல் மலேசிய ஹைகோர்ட், கருக்கலைத்த டாக்டர் ஒருவரைக் குற்றவாளி என்றது. தக்க பரிசோதனையின்றித் தாயின் உயிருக்கு ஆபத்தென முடிவு கட்டியது நல்லெண்ணமாகாது என்றது. 1989-இல் தண்டனைச் சட்டம் 312-ஆம் பிரிவு திருத்தப்பட்டது. கலைப்பதைவிடக் கர்ப்பம் நீடிப்பதே தாயின் உயிருக்கோ, உடல், மன நலத்துக்கோ அதிகக் கேடு என்று பதிவு பெற்ற டாக்டர் நல்லெண்ணத்துடன் கருதினால் குற்றமில்லை.

மார்க்கமோ? 120 நாளில் ரூஹு ஊதப்படுகிறது என்பது ஹதீது. அதன்பின் தாயின் உயிரைக் காக்கவன்றிக் கலைப்பது ஹராம் என்று 2002-இல் தேசிய பத்வாக் குழு கூறியது. வறுமைக்கு அஞ்சிப் பிள்ளையைக் கொல்வதைக் குர்ஆன் தடுத்துள்ளது.

அப்படியானால், அந்த வறுமையை நீக்குவது யார் கடமை? நம் கடைத்தெருவில் கலங்கி நிற்கும் பெண்ணுக்கு நாம் கொடுப்பது ஏச்சா, ஜக்காத்தா? டாக்டரிடமும் ஆலிமிடமும் அவளை அனுப்பாமல், மறைவில் மருந்து தேடவிட்டால், மறுமையில் கேள்வி அவளுக்கு மட்டுமல்ல, நமக்குந்தான்.

இரு தட்டையும் பார்க்கும் கண்ணை அல்லாஹ் நமக்குத் தருவானாக! ஆமீன்.