ஜீவசுவாசம் எங்கே இருக்கிறது?

இந்தச் செய்தியைப் படிக்குமுன் ஆதியாகமம் 2:7ஐ ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள்.

சில வாரங்களுக்கு முன் ஆராதனை முடிந்ததும் நம் சபைச் சகோதரி ஒருவர் போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். வெளியூரில் படிக்கிற மகன், மரித்துப்போன தகப்பனுடைய பழைய பதிவுகளைக் கொடுத்து, செயற்கை நுண்ணறிவால் அதே குரலில் புதிதாய்ப் பேசவைத்து அனுப்பியிருந்தான். "என்னம்மா, மாத்திரை போட்டியா?" என்றது குரல். எனக்கு மெய்சிலிர்த்தது. சகோதரி கேட்டார்: "பாஸ்டர், இதுக்குள்ள அவர் இருக்காரா?"

எனக்கு வாய் திறக்கவில்லை. ஏன் தெரியுமா? அந்தச் சகோதரரின் அடக்க ஆராதனையில் நான் கொடுத்த ஆறுதல் செய்தியே அப்படிப்பட்ட இயந்திரம் எழுதிக் கொடுத்ததுதான். நேரமில்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். வசனமெல்லாம் சரியாயிருந்தது. ஜனங்களும் ஆமென் சொன்னார்கள். ஆனால் அதற்காக நான் ஒரு நிமிஷம்கூட முழங்காலில் நிற்கவில்லை! இதைக் கர்த்தருக்கு முன்பாகவும் உங்களுக்கு முன்பாகவும் அறிக்கையிடுகிறேன்.

பிரியமானவர்களே, உலகமே இந்தக் கேள்விக்கு முன் நிற்கிறது. 2024இல் 'லால் சலாம்' படப் பாட்டில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏ.ஆர். ரகுமான் இவ்விதமாய்ப் பாடவைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்ததாகச் சொன்னார். 2022இல் கூகுளில் வேலைபார்த்த பிளேக் லெமாய்ன் என்ற என்ஜினீயர், தான் பேசிப்பார்த்த இயந்திரத்துக்கு உணர்வு உண்டு என்றே சொல்லிவிட்டார். கம்பெனி அதை மறுத்து, அவரை வேலையைவிட்டு நீக்கியது. படித்தவர்களே தடுமாறும்போது அந்தச் சகோதரி கேட்டதில் என்ன தப்பு?

நம் திருவெள்ளறையில் இருக்கிற மாற்பிடுகு பெருங்கிணற்றை நினைத்துப் பாருங்கள். பல்லவ ராஜா தந்திவர்மன் காலத்தில், சுமார் 1200 வருஷத்துக்கு முன், கம்பன் அரையன் என்பவர் வெட்டுவித்த கிணறு. அங்கே கல்லில் ஒரு பாட்டு இருக்கிறது. உலகத்தை நம்பியிராதே, முதுமை வந்து ஒடுக்குமுன் தருமம் செய் என்பது அதின் கருத்து. கல் முதுமையைக் குறித்துப் பேசுகிறது. கல்லுக்கு முழங்கால் வலித்ததா? சாவை நினைத்துத் தூக்கம் கெட்டதா? இல்லையே! அதைப் பாடினவனுக்கல்லவா அந்த வலி தெரியும்!

இயந்திரமும் அப்படித்தான். மனுஷர் எழுதிக் குவித்ததை அதற்குள் செலுத்தி, அடுத்து வரத்தக்க வார்த்தை எது என்று கணக்கிடப் பழக்கியிருக்கிறார்கள். கல் பதில் சொல்லாது, இது சொல்லும். அதினால்தான் ஏமாந்துபோகிறோம். மண்ணான ஆதாமைப் பேசவைத்தது கணக்கு அல்ல, தேவன் ஊதின ஜீவசுவாசம். அல்லேலூயா!

"வெளிப்படுத்தல் 13:15இல் பேசுகிற சொரூபம் இதுதானே?" என்று சிலர் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் வந்தபோதும் இப்படித்தான் பயந்தோம். பயம் வேண்டாம், ஜாக்கிரதை வேண்டும். சவுல் எந்தோருக்கு ஓடினானே, ஏன்? ஜீவனுள்ள தேவனோடு அவனுக்கிருந்த உறவு அறுந்துபோயிற்று. செத்தவனுடைய சத்தத்தைத் தேடினான், ஆறுதல் கிடைக்கவில்லை (1 சாமுவேல் 28). கணக்கெழுத, கடிதமெழுத இயந்திரம் உதவட்டும். நாம் அழவேண்டிய அழுகையையும் செய்யவேண்டிய ஜெபத்தையும் அதினிடம் ஒப்படைத்துவிட்டால், நம் பிள்ளைகளுடைய காலத்தில் மனுஷனிடத்தில் என்னதான் மீதியிருக்கும்?

மறுநாள் அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போனேன். கையில் செய்தி இல்லை. "அம்மா, அந்தக் குரலை அழிக்கச் சொல்லமாட்டேன், போட்டோவைப்போல வச்சுக்குங்க. ஆனா அதுல அவர் இல்லை. அவர் கர்த்தருடைய கரத்தில இருக்கார். உங்க பையனைக் கூப்பிட்டுப் பேசுங்க, அவனும் அப்பாவுக்காகத்தானே ஏங்குறான்" என்றேன். அவர் மகனைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் பேசாமல் வெகுநேரம் அழுதார்கள். நானும் அழுதேன். லாசருவை எழுப்பப்போகிறேன் என்று அறிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டாரே! அன்றைக்குத்தான் நான் அந்த வீட்டுக்கு மேய்ப்பனானேன்.

தேவபிள்ளையே, உன் வீட்டில் யாருடைய கண்ணீருக்குப் பக்கத்தில் நீ இன்னும் உட்காரவில்லை? இன்றைக்கே போ. வார்த்தை வராவிட்டாலும் கலங்காதே. ரோமர் 8:26இன்படி நமக்காகப் பெருமூச்சு விடுகிற ஆவியானவர் நம்மோடிருக்கிறார். அவருடைய சுவாசம் நம் சபையை உயிர்ப்பிப்பதாக! ஆமென்.